காறல்மான் பேசிய தமிழ்: கேரளக் கடற்கரையின் சவிட்டுநாடகம்

மலையாள நாட்டின் ஆடற்கலைகள் என்றவுடன் கதகளியும் மோகினியாட்டமும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. சற்றே விவரம் அறிந்தோர் கூடியாட்டத்தையும் தெய்யத்தையும் சேர்த்துக்கொள்வர். அந்நாட்டுக் கிறிஸ்தவர்களின் கலை எது என்று கேட்டால் மார்க்கங்களி என்பர். இவ்வரிசையின் கடைசியில், அதுவும் சிறு தயக்கத்தோடு, சவிட்டுநாடகம் இடம்பெறும். வடக்கே சாவக்காடு தொடங்கித் தெற்கே கொல்லம் வரை, கடற்கரையிலும் காயலோரத்திலும் வாழும் இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் நாடகம் அது. பலகை பரப்பிய மேடையில், கிரீடமும் கவசமும் அணிந்து, செண்டைக்கும் இலைத்தாளத்துக்கும் ஏற்ப ஓங்கி மிதித்து ஆடியும் பாடியும் நடிப்பர். சவிட்டு என்றால் மிதி. கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. சவுட்டு என்பது அவர்கள் வீட்டு மொழி.

இக்கலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றனர். போர்ச்சுகீசியர் வந்தனர், கடற்கரை மக்களைத் திருமறையில் சேர்த்தனர், புதிதாக மனந்திரும்பியோர் கோவில் திருவிழாக்களின் கூத்தை நாடிச் செல்லாதிருக்க, ஓபரா என்னும் தம் நாட்டு இசைநாடகத்தை இங்கே நட்டு வளர்த்தனர், அதுவே சவிட்டுநாடகமாயிற்று என்பது அக்கதை. கேட்பதற்கு நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஆடியவனுக்கு இடம் எங்கே? கொடுத்தவன் அயலான், வாங்கிக்கொண்டவன் ஏழை என்ற அளவில் வரலாறு முடிந்துவிடுகிறது. பகலில் வலையிழுத்து, வள்ளம் ஊன்றி, தேங்காய் மட்டையடித்துக் கயிறு திரித்து, இரவில் களரியில் கால் பழகிய ஒரு மக்கள் கூட்டத்தின் உழைப்பை இன்னொருவர் பெயரில் வரவு வைக்கும் கணக்கு இது. அதைச் சரிபார்ப்பது நம் கடமை. ஏனெனில், கணக்கின் விடுபட்ட பக்கம் தமிழில் எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் ஓபராவை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் அக்கலை பிறந்ததே 16-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான். மொண்டெவெர்தியின் 'ஓர்ஃபியோ' அரங்கேறியது 1607 இல். போர்ச்சுகலில் அது வேரூன்றியது 18-ஆம் நூற்றாண்டில். கொச்சிக் கோட்டையோ 1663 சனவரியிலேயே ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. தம் நாட்டிலேயே இன்னும் முளைக்காத ஒரு பயிரைப் போர்ச்சுகீசியர் கொச்சியில் எப்படி நட்டிருக்க முடியும்? ஐரோப்பியத் தொடர்பே இல்லை என்பது நம் வாதமன்று. மறைநிகழ்ச்சி நாடகங்களும் புனிதர் வரலாற்று நாடகங்களும் அந்நாளில் ஐபீரிய நாடுகளில் மிகுதி. இயேசு சபையார் தம் கல்லூரிகளில் நாடகத்தைக் கல்வியின் பகுதியாகவே வைத்திருந்தனர். அந்த வாசம் இங்கும் வீசியிருக்கும். மேடையின் கவசம், வாள், வெல்வெட்டு உடை ஆகியவற்றில் அது கண்கூடு. எனினும் உடையைப் பார்த்து உடலை முடிவு செய்வது திறனாய்வாகாது.

இரண்டாவது சான்றாக உதயம்பேரூர்ச் சங்கத்தைக் காட்டுவர். கோவாப் பேராயர் அலெய்ஷோ தெ மெனேசிஸ் 1599 சூன் மாதத்தில் கூட்டிய அச்சங்கம் கிறிஸ்தவர்கள் இந்துத் திருவிழாக்களில் கலந்துகொள்வதைத் தடை செய்தது உண்மை. தடையால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்பவே புதிய கலை தோன்றியது என்பர். ஆனால் அச்சங்கம் யாருக்காகக் கூட்டப்பட்டது? சுரியானி வழிபாட்டு முறையைப் பின்பற்றிய தோமா கிறிஸ்தவர்களுக்காக. சவிட்டுநாடகத்தைப் பேணி வளர்த்தவர்களோ பெரும்பாலும் கொச்சி ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட இலத்தீன் முறையினர். ஒரு வீட்டாருக்கு இட்ட கட்டளையால் அடுத்த வீட்டார் ஆடத் தொடங்கினர் என்று சொல்வதற்கு இன்னும் வலுவான சான்று வேண்டும்.

இனி நாடகத்தின் உள்ளே செல்வோம். நாடகம் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஆசான் என்றும் அண்ணாவி என்றும் பெயர். நாடகம் எழுதப்பட்ட ஏட்டுக்குச் சுவடி என்று பெயர். தொடக்கத்தில் பாடுவது விருத்தம். இடையிடையே வந்து அறிவிப்பும் நகைச்சுவையும் செய்பவன் கட்டியக்காரன். அண்ணாவி, சுவடி, விருத்தம், கட்டியக்காரன் ஆகிய இச்சொற்களில் லிஸ்பனிலிருந்து கப்பலேறி வந்தது எது? நம் தெருக்கூத்துக்காரரிடம் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினால், எந்த ஊர்க் கூத்து என்றுதான் கேட்பார். எந்த நாட்டுக் கூத்து என்று கேட்கமாட்டார். நாடகங்களுள் தலையாயதாகிய காறல்மான் சரிதத்தை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்றும், அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்றும் ஆடுவோர் மரபு ஒரே குரலாகக் கூறுகிறது. பழைய சுவடிகளின் மொழி தமிழும் மலையாளமும் கலந்தது. பாட்டுகளில் தமிழே மேலோங்கி நிற்கும். ஆசான்மார் அதனைச் செந்தமிழ் என்றே அழைத்து வந்தனர். நம் பண்டிதர்கள் அப்பெயரை ஒப்புக்கொள்ளத் தயங்குவர். ஆனால் ஒரு மீனவ ஊரின் வாயில் 'செந்தமிழ்' என்ற சொல் உயர்ந்த மொழி, மேடைக்குரிய மொழி, அரசன் பேசும் மொழி என்ற பொருளில் வழங்கியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலையாளக் கரையில் இந்தத் தமிழ் எப்படி வந்தது? இதற்கு விடை அச்சு வரலாற்றில் இருக்கிறது. அன்றிக்கே அன்றிக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் அச்சானது தமிழ்நாட்டில் அன்று, கொல்லத்தில். அடுத்த ஆண்டே 'கிரீசித்தியானி வணக்கம்' கொச்சியில் அச்சேறியது. பிரோயென்சா அடிகளார் தொகுத்த தமிழ் – போர்ச்சுகீசிய அகராதி 1679 இல் வெளிவந்தது அம்பழக்காட்டில். இன்றைய திருச்சூர் மாவட்டத்தில் மாளை என்னும் ஊருக்கு அருகிலுள்ள சிற்றூர் அது. நம் வீரமாமுனிவர் 1747 இல் கண்மூடியதும் அம்பழக்காட்டில்தான் என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர் கொள்வர். முழுவதும் மலையாளத்தில் அமைந்த முதல் அச்சு நூலான 'சம்க்ஷேப வேதார்த்தம்' வெளிவந்ததோ 1772 இல், அதுவும் உரோமையில். கொல்லத்துத் தமிழ் நூலுக்கும் இதற்கும் இடையே 194 ஆண்டுகள். அந்த இரு நூற்றாண்டுகளில் கரையோரத் திருச்சபையின் அச்சு மொழி தமிழாக இருந்தது. 1550-களின் இறுதியில் நிறுவப்பட்ட கொச்சி மறைமாவட்டம் முத்துக்குளித்துறையையும் இலங்கையையும் தன்னுள் அடக்கியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும். தூத்துக்குடி, புன்னைக்காயல், மன்னார், கொல்லம், கொச்சி ஆகிய யாவும் அன்று ஒரே கடற்கரைத் தெருவின் வீடுகள். மறைப்பணியாளர் நடந்த அதே வழியில் அண்ணாவிமாரும் நடந்தனர் என்பதில் வியப்பில்லை.

இத்தெருவின் மறுகோடியைப் பார்த்தால் ஐயம் தீரும். இலங்கையின் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் கத்தோலிக்கத் தமிழர் ஆடிவந்த நாட்டுக்கூத்துகளிலும் பயிற்றுபவர் அண்ணாவியாரே. மன்னாரின் பழைய நாடகங்களுள் ஒன்றுக்கு 'என்றிக் எம்பரதோர்' என்று பெயர். எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லின் தமிழ் உருவம். அதுவும், மூவரசர் நாடகமும் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியால் 1960-களில் அச்சேறின. ஞானசௌந்தரியின் கதை மன்னாரிலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு, கொச்சிக் கரையின் சவிட்டுநாடகச் சுவடிகளிலும் உண்டு. எம்பரதோர் தமிழ் விருத்தம் பாடுகிறான். கொச்சியில் காறல்மானும் தமிழ் விருத்தம் பாடுகிறான். இவ்விருவரும் உறவினர் என்பதைக் காண அகழ்வாராய்ச்சி தேவையில்லை.

சரி, யார் இந்தக் காறல்மான்? பிராங்கியரின் மன்னனாக 768 முதலும், உரோமையில் திருத்தந்தை முடிசூட்டிய 800 முதல் பேரரசனாகவும் ஆண்டு 814 இல் மறைந்த சார்லமேன்தான் இவன். அவனும் அவனுடைய பன்னிரு வீரர்களும் துருக்கரோடு பொருத கதை ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகப் பாடப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசுபானிய மொழியில் உரைநடைக் கதையாக அச்சாகி, மலிவுப் பதிப்பாகக் கப்பல்தோறும் ஏறியது. அதன் பயணம் நம்மை மலைக்க வைக்கும். பிரேசில் நாட்டுச் சந்தைகளில் கயிற்றில் தொங்கவிட்டு விற்கும் சிறு பாட்டுப் புத்தகங்களில் இக்கதை உண்டு. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள பிரின்சிப்பே தீவில் புளோரிபெஸ் இளவரசியின் நாடகத்தை ஊரே கூடி ஆடுகிறது. அண்டைத் தீவான சாவோ தொமேயில் சார்லமேன் நீதி வழங்கும் நாடகம் நடக்கிறது. பிலிப்பைன்சில் கிறிஸ்தவ மன்னரும் மூர் மன்னரும் மோதும் கொமெதியா வளர்ந்தது. கொச்சிக்கரைக்கு வந்தபோது அக்கதையைக் கையில் எடுத்தவர் தமிழறிந்த ஓர் அண்ணாவி. அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. கூத்தின் விருத்தத்திலும் தாளத்திலும் கட்டியக்காரனின் கூவலிலும் வைத்து மறுபடி பெற்றெடுத்தார். கதை கடல் கடந்து வந்தது. நாடகம் இங்கே பிறந்தது. என் துணிபு இதுவே.

இதுவரை சொன்னது பெருமை. பெருமையோடு நிறுத்தினால் அது பாராட்டுரையாகிவிடும். காறல்மான் சரிதத்தின் உள்ளடக்கத்தை இன்றைய கத்தோலிக்கன் எப்படி ஏற்பது என்ற கேள்வி நம்மை விடாது.

ரோல்தான் வீழ்ந்த போரை எடுத்துக்கொள்ளுங்கள். நாடகத்தில் அவன் துருக்கர் சூழ்ச்சியால் மடியும் மறைவீரன். மெய்யான வரலாற்றில், 778 ஆகஸ்டு மாதம் பிரனீசு மலைக்கணவாயில் சார்லமேனின் பின்படையைத் தாக்கி அழித்தவர்கள் பாஸ்கு என்னும் மலைவாழ் மக்கள், துருக்கருமல்லர், அரபியருமல்லர். மன்னனுடைய வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்டு இதைத் தெளிவாகக் குறித்திருக்கிறார். அந்தப் படையெடுப்பே இசுபானிய முசுலிம் தலைவர் சிலரின் அழைப்பின் பேரில் நடந்தது. பாக்தாதின் கலீபா ஹாரூன் அல் ரசீது சார்லமேனுக்கு அனுப்பிய யானை 802 இல் ஆகன் நகருக்கு வந்து சேர்ந்தது. அந்த யானைக்கு அபுல் அப்பாஸ் என்று பெயர். நட்புப் பரிசாக யானை அனுப்பியவரின் இனத்தாரைப் பின்வந்த பாடகர்கள் முந்நூறு ஆண்டுகள் கழித்துக் கொலையாளிகளாக்கிவிட்டனர். சிலுவைப் போர்க்காலத்துக்கு அப்படியொரு பகைவன் தேவைப்பட்டான்.

கொச்சிக்கரைக்கும் தேவைப்பட்டான் என்பதுதான் வருத்தத்துக்குரியது. 16-ஆம் நூற்றாண்டில் அக்கடல் உண்மையிலேயே போர்க்களம். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களும் போர்ச்சுகீசியரும் பல பத்தாண்டுகள் பொருதனர். நான்காம் குஞ்ஞாலி 1600 இல் கோவாவில் கொல்லப்பட்டார். அவரைப் பிடிக்கப் போர்ச்சுகீசியரோடு சேர்ந்தவர் அவருடைய மன்னராகிய சாமூதிரியே. பொன்னானியில் வாழ்ந்த செய்கு சைனுத்தீன் மக்தூம், பறங்கியரை எதிர்த்துப் போரிடுவது முசுலிம்களின் கடமை என்று வலியுறுத்தி 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் அரபு நூலை எழுதினார். பொன்னானியிலிருந்து சாவக்காடு அதிகத் தொலைவில்லை. ஒரே கரையில் ஒருபுறம் பறங்கியரை எதிர்க்கும் அரபு நூல். மறுபுறம் துருக்கரை வெல்லும் தமிழ்ப் பாட்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர் அரியர். கேரளத்தின் சமூக வரலாற்றை அறிய விரும்புவோர் அவசியம் செய்ய வேண்டிய வேலை அது.

மூலக் கதையில் முசுலிம்களுள் நல்லவராகக் காட்டப்படுவோர் இருவர்: ஒலிவரிடம் தோற்றுத் திருமுழுக்குப் பெறும் பெரபிராஸ், கிறிஸ்தவ வீரன்மேல் காதல்கொண்டு, தந்தையின் சிறையிலிருந்த பகைவரைக் காத்து, தானும் திருமுழுக்குப் பெறும் அவன் தங்கை புளோரிபெஸ். மாறினால் நல்லவர், மாறாவிட்டால் பகைவர் என்ற அளவுகோல் அது. நமக்கு இது பொருந்துமா? அசிசி நகர்ப் பிரான்சிஸ் 1219 இல் போர்முனையைக் கடந்து எகிப்தின் சுல்தானிடம் வெறுங்கையோடு சென்றார். அந்த நிகழ்ச்சியை எந்த அண்ணாவியும் நாடகமாக்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. முசுலிம்களோடு கொண்ட பழம் பகையை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயலுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட 'நம் காலத்தில்' என்னும் அறிக்கை நம்மைக் கேட்டுக்கொண்டது. எனவே காறல்மானை ஆடுவோர் அதனைப் பழைய காலத்தின் குரலாக ஆடலாம். இறைப்பற்றின் முன்மாதிரியாகக் காட்டுதல் கூடாது. சுவடியில் கைவைத்துத் துருக்கரை நீக்கிவிடலாம் என்போர் உளர். அதையும் நான் ஏற்கவில்லை. காயத்தை அழித்துவிட்டால் காய்ந்த வடுவும் நமக்குப் பாடம் சொல்லாது.

இந்நாடகம் தன்னை ஆடியவர்களுக்கு என்ன கொடுத்தது என்பதையும் கேட்க வேண்டும். திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் சாதியின் பிடி எவ்வளவு இறுகியிருந்தது என்பது நாம் அறிந்ததே. எந்த வழியில் நடக்கலாம், எவ்வளவு விலகி நிற்க வேண்டும், என்ன உடுக்கலாம் என்பதெல்லாம் பிறப்பால் முடிவாயின. தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடி, 1859 இல்தான் அரசாணை பெற்றனர். கதகளி கோவில் முற்றத்திலும் மாளிகையிலும் நம்பூதிரியும் நாயரும் போற்றி வளர்த்த கலை. மார்க்கங்களி சுரியானிக் குடும்பங்களின் மதிப்புக்குரிய கலை. கடற்கரையான் இவ்விரண்டு முற்றங்களுக்கும் வெளியே நின்றான். தம் திருச்சபைக்குள்ளும் அவன் பின்வரிசைதான்; இலத்தீன் முறையினருக்குள்ளேயே எழுநூற்றுக்காரர், அஞ்ஞூற்றுக்காரர், முந்நூற்றுக்காரர் என்ற பிரிவுகள் இருந்தன. அவ்வாறு ஒதுக்கப்பட்டவன் ஆண்டுக்கு ஒருமுறை, தன் பங்கு ஆலயத்தின் முன்றிலில், தன் கைப்பணத்தில் தைத்த வெல்வெட்டு அங்கியும் பொன்தாள் கிரீடமும் அணிந்து, ஊரே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் அரசனாக நின்றான். அடக்க ஒடுக்கமாகக் கால்வைத்து நடக்கக் கற்பிக்கப்பட்டவன், பலகை அதிர மிதித்தான். கூத்தில் மிதி தாளத்துக்காக என்று இலக்கணம் சொல்லும். அந்த ஓசையில் தாளத்துக்கு மேற்பட்ட ஒன்றும் கேட்கிறது என்பது என் கருத்து. இது கலையன்று, வெறும் மிதி என்று மேட்டுக்குடியினர் நகைத்ததும் அதனால்தான் போலும்.

அப்படியானால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அரசனாக ஆடியவனின் சொந்த வாழ்வு மேடையில் ஏறவில்லை. காறல்மான், ஜெனோவேவா, புனித அலேசு, நெப்போலியன் எனப் பேரரசரும் பிரபுக்களும் புனிதருமே தலைவர்கள். புயலில் வராத வள்ளம், கடனுக்கு எழுதிவைத்த வலை, தரகனின் தராசு ஆகியவற்றுக்குப் பழைய சுவடிகளில் பெரும்பாலும் இடமில்லை. இந்த வெறுமையை ஓரளவு நிரப்பியவன் கட்டியக்காரன். மற்றவர்கள் செந்தமிழ் விருத்தத்தில் முழங்கும்போது, அவன் ஊர்ப்பேச்சில் பேசி, பாட்டின் பொருளைக் கூட்டத்துக்கு உடைத்துச் சொல்லி, அரசனையே கிண்டலும் செய்வான். அவன் வாயில் மட்டுமே அந்தக் கரை தன் குரலில் பேசியது. அவனுடைய பேச்சு சுவடியில் எழுதப்படாமல் மேடையிலேயே முளைத்து மேடையிலேயே மறைந்தது. எழுதப்பட்டதையே இலக்கியம் என்று கொள்ளும் நம் வழக்கத்தால் நேர்ந்த இழப்பு இது.

இக்கலையை முறையாக ஆராய்ந்த முதல் பெரும் முயற்சி சபீனா ரஃபி அம்மையாருடையது. அவருடைய 'சவிட்டுநாடகம்' என்னும் வரலாற்று ஆய்வு நூல் 1964 இல் வெளிவந்தது. எழுத்தாளர் பொஞ்ஞிக்கரை ரஃபியின் மனைவியான அவர், கடற்கரைச் சமூகத்தின் உள்ளிருந்து எழுதினார் என்பதே அந்நூலின் வலிமை. அவருக்கு முன் மலையாள இலக்கிய வரலாற்றாசிரியர் பலருக்கும் இந்நாடகங்கள் கலப்பு மொழியில் கிடந்த கீழ்த்தரப் பாட்டுகள். மலையாளி இதனைத் தமிழ் என்று ஒதுக்கினான். தமிழனோ மலையாள நாட்டுக் கூத்து என்று திரும்பியும் பார்க்கவில்லை. நம் கிறிஸ்தவத் தமிழ் இலக்கிய வரலாறுகளில் தேம்பாவணிக்கு நூறு பக்கம் இருக்கும். அம்மானைகளுக்கும் பள்ளுகளுக்கும் சில பக்கங்கள் இருக்கும். சின்னத்தம்பி அண்ணாவிக்கு ஒரு பத்தி ஒதுக்கியவர் எத்தனை பேர்? வீரமாமுனிவரின் யாப்பை அளந்த அதே கோலால் இவரை அளந்தால் இவர் தேறமாட்டார்தான். எழுத்தறியாத நடிகன் வாய்மொழியாகக் கேட்டு, காலால் மனனம் செய்யும்படி கட்டப்பட்ட பாட்டுக்கு வேறு கோல் வேண்டும். எந்த அடியில் கால் தூக்க வேண்டும், எந்த அசையில் பலகை அதிர வேண்டும் என்பதே இங்கே யாப்பு. மேடையை விட்டுத் தாளில் படித்தால் சொல் தளர்ந்து கிடக்கும்; தாளத்தோடு கேட்டால் நிமிர்ந்துவிடும்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. சாஜி என். கருண் இயக்கிய 'குட்டி சிராங்கு' திரைப்படம் சவிட்டுநாடகம் ஆடும் படகோட்டி ஒருவனைக் கதைத்தலைவனாக்கியது. மம்முட்டி நடித்த அப்படம் 2009 ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2013 சனவரியில் மலப்புறத்தில் நடந்த கேரளப் பள்ளிக் கலைவிழாவில் சவிட்டுநாடகம் போட்டிக் கலையாக மேடையேறியது. ஒருகாலத்தில் கடற்கரைப் பையன்கள் மட்டுமே பழகிய அடிகளை இன்று எல்லாச் சமயத்து மாணவ மாணவியரும் பழகுகின்றனர். ஆண்களே பெண்வேடம் பூண்ட மேடையில் பெண்கள் வாளேந்தி நிற்கின்றனர். துருக்க மன்னனாக ஒரு கிறிஸ்தவச் சிறுமியும் ரோல்தானாக ஒரு முசுலிம் சிறுமியும் ஒரே குழுவில் நின்று ஆடலாம். மேலே நான் எழுப்பிய கேள்விக்கு இதைவிட நல்ல விடையை எந்த இறையியலாரும் தந்துவிட முடியாது.

விலையும் உண்டு. பல இரவுகள் நீண்ட காறல்மான் சரிதம் போட்டியில் அரை மணிக்கும் குறைவான நேரத்துக்குள் அடங்க வேண்டும். வெட்டும்போது முதலில் போவது கட்டியக்காரனின் பேச்சு; அடுத்துப் போவது நீண்ட விருத்தம். எஞ்சுவது வாள்வீச்சும் மிதியும். நடுவர்களின் மதிப்பெண் அடியின் ஒற்றுமைக்கும் உடையின் பளபளப்புக்கும் கிடைக்கிறது. பாடும் பிள்ளைகளுக்குப் பாட்டின் மொழி பாதி புரியாத மந்திரம். ஆசான் சொல்லிக்கொடுத்த ஒலியைப் பிழையின்றித் திருப்பிச் சொல்கின்றனர். சில சொற்கள் மலையாள நாக்கில் உருண்டு உருண்டு தம் பழைய உருவத்தை இழந்திருக்கின்றன. அவற்றைத் தமிழறிந்த ஒருவர் அருகிலிருந்து கேட்டால் இழந்த எழுத்தை எளிதில் மீட்டுவிடலாம். தெருக்கூத்துப் பாட்டும் பழைய அம்மானையும் பழகிய காதாக இருந்தால் இன்னும் நல்லது.

மன்னார் நாடகங்களுக்கு வித்தியானந்தன் செய்ததைப்போல், கொச்சிக்கரைச் சுவடிகளைத் தமிழ் எழுத்தில், பாடபேதம் காட்டி, மேடைக் குறிப்போடு பதிப்பிக்கும் வேலை நம் கல்லூரித் தமிழ்த் துறைகளுக்கு உரியது. கோதுருத்திலிருந்து தமிழ்நாட்டு எல்லை ஓரிரவுப் பயணம்.